பதின்மூன்று மாதக் குழந்தை அழுகிறாள், ராஜினாமா செய்யலாமா?

காலையில் நீங்கள் கிளம்பும்போது மகள் புடவையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். மாலையில் வந்து தூக்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். "பிள்ளை ஏங்கிப்போய்விட்டாள், வேலையை விட்டுவிடு" என்கிறார்கள் வீட்டில். ராஜினாமாக் கடிதத்தை இப்போது கொடுக்க வேண்டாம்.

இந்த வயதில் பிரிவுக்கு அழாத குழந்தைதான் அபூர்வம். ஏறத்தாழ 8 மாதத்தில் தொடங்கும் இந்த அழுகை ஒன்றரை வயதுவரை கடுமையாகவே இருக்கும். உங்களை அவள் தன் ஆளாக வரித்துக்கொண்டுவிட்டாள், அவ்வளவுதான்.

மாலை நேரத்தைத்தான் நான் கவனிக்கச் சொல்வேன். உளவியலாளர் மேரி எயின்ஸ்வர்த் அமெரிக்காவின் பால்டிமோரில் ஒரு வயதுக் குழந்தைகளைத் தாயிடமிருந்து சில நிமிடங்கள் பிரித்து ஆராய்ந்தார். குழந்தை எவ்வளவு அழுதது என்பதைவிட, தாய் திரும்பியதும் அவரிடம் எப்படி நடந்துகொண்டது என்பதே எயின்ஸ்வர்த்துக்கு முக்கியமாக இருந்தது. அதற்காக, மகள் முகம் திருப்புவதை வைத்து நீங்களே நோய்ப்பெயர் சூட்டிவிடாதீர்கள். பசியாகவோ தூக்கமாகவோ இருக்கலாம். வந்ததும் கைப்பேசியை வைத்துவிட்டுத் தரையில் உட்காருங்கள். அவளாக வரட்டும். சமையல் அரை மணி நேரம் காத்திருக்கும். காலையில் கண்ணில் படாமல் நழுவிப் போகாதீர்கள். அழுதாலும் சொல்லிவிட்டுப் போங்கள்.

பார்த்துக்கொள்பவர் பாட்டியோ ஆயாவோ, அடிக்கடி மாறக் கூடாது. தாயைத் தவிர இன்னொருவரிடமும் குழந்தை பாதுகாப்பாக ஒட்டிக்கொள்ளும். தாயின் அரவணைப்பு இல்லாவிட்டால் குழந்தையின் மனநலம் கெடும் என்று பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு எழுதிய அறிக்கை, பெரும்பாலும் குடும்பத்தை இழந்து விடுதிகளில் வளர்ந்த குழந்தைகளைப் பற்றியது. அதைக் காட்டி அலுவலகம் போகும் தாய்மாரை மிரட்டுவது எனக்கு உடன்பாடில்லை.

உங்கள் நிறுவனத்தில் எத்தனை பேர்? இந்தியாவில் மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்துக்குப் பிறகு, 50 பேருக்குக் குறையாத நிறுவனங்கள் குழந்தைக் காப்பக வசதி தர வேண்டும். ஓய்வு இடைவேளையையும் சேர்த்து ஒரு நாளில் நான்கு முறை தாய் அங்கே சென்றுவர அனுமதிக்க வேண்டும். மனிதவளத் துறை இதைத் தானாகச் சொல்லாது, எழுத்தில் கேளுங்கள். வீட்டிலிருந்து வேலை, சம்பளமில்லா விடுப்பு ஆகியவற்றையும் கேட்டுப் பார்த்த பிறகே ராஜினாமா பற்றிப் பேசலாம்.

பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமல் இருப்பது, யாரிடமும் ஆறுதல் தேடாமல் இருப்பது, பேசிய மழலையும் நின்றுபோவது போன்றவை தெரிந்தால் மட்டும் தாமதிக்காமல் குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்கும் உங்கள் வேலைக்கும் முடிச்சுப் போட வேண்டாம்.