அளவெடுத்துச் செய்யும் கிட்டார் தேவைதானா?

கேள்வி: அண்ணா, எனக்கு வயது 46. கோயில் பஜனைக் குழுவில் எட்டு வருடமாகக் கிட்டார் வாசிக்கிறேன். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் வாசிப்போம். என்னுடையது பெரிய டிரெட்நாட் கிட்டார். ஒரு மணி நேரம் ஆவதற்குள் வலது தோள் கடுக்க ஆரம்பித்துவிடுகிறது, விரல்களும் எனக்குக் குட்டை. 45,000 ராண்ட் சேர்த்து வைத்திருக்கிறேன். கேப் டவுனில் கையால் கிட்டார் செய்கிறவர் ஒருவரிடம் அளவு கொடுத்துச் செய்துகொள்ளலாம் என்று ஆசை. வீட்டுக்காரரோ "கடையில் இல்லாத கிட்டாரா?" என்கிறார். என்ன செய்யலாம்?
(வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்)

பதில்: தங்கச்சி, இந்தக் கேள்வியை எழுதுகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் "நல்ல சத்தம் வேண்டும்" என்றுதான் எழுதுவார்கள், நீங்கள் தோள் வலி என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் உங்களுக்கு என் பதில் வேறு. கிட்டாரின் தொனியை எந்த ஆசாரியும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க முடியாது, ஒரே மரத்தில் அடுத்தடுத்து அறுத்த இரண்டு பலகைகூட ஒரே மாதிரி ஒலிக்காது. ஆனால் அளவை எழுதிக் கொடுக்கலாம். உடம்புக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காகச் செய்கிறவர்கள் ஏமாறுவது குறைவு.

ஆனால் இன்றைக்கே முன்பணம் கட்டிவிடாதீர்கள்.

முதலில் உங்கள் கையில் இருப்பதைப் பார்ப்போம். டிரெட்நாட் என்பது 1916-இல் அமெரிக்காவின் மார்ட்டின் கிட்டார் கம்பெனி டிட்சன் என்ற கடைக்காகச் செய்து கொடுத்த வடிவம், போர்க்கப்பலின் பெயரை வைத்தார்கள். சத்தம் பெரிதாக வரவேண்டும் என்றே உடலை அகலமாகவும் ஆழமாகவும் செய்தது. ஆழம் கிட்டத்தட்ட 5 அங்குலம் இருக்கும். நாற்காலியில் உட்காரும்போது தொடை கீழே இறங்குகிறது, கிட்டாரும் அதோடு இறங்குகிறது. சம்மணத்தில் தொடை மேலே நிற்பதால் அதே கிட்டார் மார்புக்கு ஏறி வந்துவிடும். வலது கையை அதன் விளிம்புக்கு மேலே தூக்கிப் போட்டு வாசிக்க வேண்டியிருக்கும், பாடல் முடிந்ததும் முன்கையில் விளிம்பின் கோடு சிவப்பாகப் பதிந்திருக்கும். உங்கள் கையிலும் அந்தக் கோடு இருக்கும் என்று நினைக்கிறேன். அது இருந்தால் தோள் வலிக்குக் காரணம் தேட வேறெங்கும் போக வேண்டாம்.

சரி, இதற்கு மருந்து கடையிலேயே கிடைக்குமா? கிடைக்கலாம். 00, 000 என்று எண் போட்ட சிறிய உடல் கிட்டார்களில் ஆழம் 4 அங்குலத்தை ஒட்டியே இருக்கும், இடுப்பும் ஒடுங்கியிருக்கும். நரம்பின் நீளம் (ஸ்கேல் என்பார்கள்) டிரெட்நாட்டில் 645 மில்லிமீட்டர், குட்டை ஸ்கேல் கிட்டாரில் 632. பார்க்க 13 மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஆனால் ஃபிரெட்டுகள், அதாவது விரல் பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள், நெருங்கி வரும், நரம்பின் இறுக்கமும் குறையும், குட்டை விரலுக்கு அது பெரிய ஆறுதல். அப்படி ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கி இரண்டு மாதம் பஜனையில் வாசித்துப் பாருங்கள். கடையில் ஸ்டூல் மேல் உட்கார்ந்து பத்து நிமிடம் வாசிப்பதை நம்பாதீர்கள், கடைக்காரரிடம் கேட்டுத் தரையில் உட்காருங்கள். யார் பார்த்தால் என்ன?

இன்னொன்று, இப்போதுள்ள கிட்டாரை ஒரு நல்ல ரிப்பேர்காரரிடம் கொடுத்து செட்டப் செய்யுங்கள், அதாவது நரம்பின் உயரத்தைச் சரிசெய்து வாங்குங்கள். டர்பன் காற்றின் ஈரத்தில் முன்பலகை ஊதி, அதில் நரம்பைக் கட்டியிருக்கும் பிரிட்ஜ் மேலேறி, நரம்பு உயர்ந்து போயிருக்கும். 12-வது ஃபிரெட்டில் தடித்த நரம்பின் உயரம் இரண்டரை மில்லிமீட்டர் அளவில் இருந்தால் போதும், 4 மில்லிமீட்டரோடு போராடிக்கொண்டிருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதல் ஃபிரெட்டில் கோர்டு பிடிக்க விரல் நொந்தால், நட்டில் (தலைப்பகுதிக்குக் கீழே நரம்புகளைத் தாங்கும் சின்னத் துண்டு) நரம்பு உட்காரும் பள்ளம் போதுமான ஆழம் இல்லை என்று அர்த்தம். உங்கள் குழுவில் பெண்கள் ஐந்தரைக் கட்டையில் (ஜி ஷார்ப் சுருதி) பாடினால் கேப்போவை, அதாவது நரம்புகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்பை, முதல் ஃபிரெட்டில் மாட்டி 'ஜி' பிடியிலேயே வாசிக்கலாம், ஏ ஃபிளாட், டி ஃபிளாட் என்று விரலை வதைக்க வேண்டியதில்லை. இவ்வளவும் செய்த பிறகு பாதி வலி போய்விட்டால் 45,000 ராண்ட் பத்திரமாக இருக்கும்.

போகவில்லை என்றால் தயங்காமல் செய்யச் சொல்லுங்கள். வீட்டுக்காரரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள், கடையில் கிட்டார் உண்டு, உங்கள் தோளுக்கு அளவெடுத்த கிட்டார் கடையில் இல்லை. கை படும் விளிம்பைச் சரிவாகச் சீவித் தரச் சொல்லலாம். கனடாவில் லிண்டா மான்சர் என்ற அம்மா, 42 நரம்பு வைத்து ஒரு கிட்டார் செய்தபோது, கைக்கு அடியில் வரும் பக்கத்தை மெலிதாகவும் தொடையில் உட்காரும் பக்கத்தைப் பருமனாகவும் ஆப்பு மாதிரி செய்தார். இன்றைக்கு உலகம் முழுக்கப் பல ஆசாரிகள் அந்த முறையைச் செய்கிறார்கள். உள்ளே காற்றின் அளவு பெரிதாகக் குறையாது, தோள் மட்டும் கீழே இறங்கும். உங்களுக்காகவே யோசித்தது போல இருக்கிறது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பல வருடத்துக்கு முன்னால் நானும் ஒன்று செய்யச் சொன்னேன். மரம், சிப்பி வேலை, தலைப்பகுதியில் என்ன பொறிப்பது என்று பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தேன். நெக் (கிட்டாரின் கழுத்து) எவ்வளவு பருமன், நட் எவ்வளவு அகலம் என்று ஒரு வரி எழுதவில்லை, அவரும் கேட்கவில்லை. பதினான்கு மாதம் காத்திருந்து பெட்டியைத் திறந்தேன், அவ்வளவு அழகு. கையில் எடுத்தால் கட்டைவிரல் மேலே வரவில்லை. இரண்டு வருடம் மனதைத் தேற்றிக்கொண்டு வாசித்துவிட்டு நஷ்டத்துக்கு விற்றேன். நம் கைக்கென்று செய்ததை இன்னொருவர் முழு விலைக்கு வாங்க மாட்டார். இதை நன்றாக நினைவில் வையுங்கள்.

அதனால் போகும்போது உங்கள் பழைய கிட்டாரையும், இரவல் வாங்கியதில் பிடித்திருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு போங்கள். நட் அகலத்தை மில்லிமீட்டரில் அளந்து எழுதச் சொல்லுங்கள், 43-க்கும் 44.5-க்கும் உள்ள வித்தியாசம் காகிதத்தில் ஒன்றுமில்லை, விரலுக்குத் தெரியும். அவர் பட்டறையில் ஈரப்பதம் எவ்வளவு வைத்திருக்கிறார் என்று கட்டாயம் கேளுங்கள். 45 முதல் 50 சதவீதம் என்று தயங்காமல் சொன்னால் தொழில் தெரிந்தவர். அந்தக் கிட்டார் டர்பனின் ஈரத்துக்கு வந்து ஒரு கோடைகாலம் கடந்த பிறகு மறுபடி சரிசெய்து தருவாரா, தாமதமானால் முன்பணம் என்னாகும், எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

மரத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல ஆசைப்படுகிறேன். பின்பலகைக்கு இங்கே விளையும் கியாட் மரத்தைக் கேட்டுப் பாருங்கள். அது நம் ஊர் வேங்கை மரத்துக்குப் பங்காளி, ஒரே பேரினம். இன்னொரு பக்கம் ஈட்டி மரம், தோதகத்தி என்றும் சொல்வார்கள், மேற்குத் தொடர்ச்சி மலையில் விளைவது. 1969-இல் மார்ட்டின் கம்பெனி பிரேசில் ஈட்டியை விட்டு இந்திய ஈட்டிக்கு மாறியதிலிருந்து உலகத்தின் நல்ல கிட்டார்கள் பல நம் நாட்டு மரத்தில்தான் ஒலிக்கின்றன. 1860-இல் சென்னையிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் மடியில் அந்த மரம் இருப்பதை நினைத்தால் எனக்கு மனம் நிறைந்துவிடும். தொனிக்காக மட்டும் இதில் அதிகப் பணம் போட வேண்டாம், சத்தத்தை முக்கியமாகத் தீர்மானிப்பது முன்பலகையும் உள்ளே ஒட்டும் சட்டங்களும்தான்.

கேள்வி: ஈட்டி மரக் கிட்டாரைச் சென்னைக்கு விமானத்தில் எடுத்துப் போனால் பிடித்து வைப்பார்களா?
(வாசகர், ஃபீனிக்ஸ்)

பதில்: 2017 ஜனவரியில் ஈட்டிப் பேரினம் முழுவதையும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில் (அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் நாடு விட்டு நாடு வணிகத்தைக் கட்டுப்படுத்துவது) சேர்த்தபோது பெரிய குழப்பம் இருந்தது. 2019 நவம்பர் 26 முதல், செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு அதில் விலக்கு உண்டு. பிரேசில் ஈட்டிக்கு மட்டும் விலக்கு கிடையாது, 1992 முதலே கடுமையான பட்டியலில் இருக்கிறது. செய்து கொடுத்தவரிடம் எந்தெந்த மரம் என்று தாவரவியல் பெயரோடு ஒரு தாள் எழுதி வாங்கிப் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் லெனேசியாவுக்குக் குடிவந்தோம். முதல் குளிர்காலத்திலேயே ஃபிரெட் ஓரங்கள் கையைக் குத்துகின்றன. கிட்டார் கெட்டுவிட்டதா?
(வாசகர், லெனேசியா)

பதில்: இன்னும் கெடவில்லை, தாகத்தில் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க் 1,700 மீட்டருக்கு மேல் உயரம், குளிர்காலத்தில் மழை கிடையாது, வீட்டுக்குள் ஹீட்டர் வேறு. மரம் சுருங்குகிறது, உலோகம் சுருங்காது, அதனால் ஃபிரெட் நுனி வெளியே நீட்டுகிறது. அடுத்தது முன்பலகையில் வெடிப்புதான். துளை போட்ட பிளாஸ்டிக் சோப்பு டப்பாவில் ஈரப் பஞ்சு வைத்து, தண்ணீர் சொட்டாதபடி பிழிந்து, கிட்டார்ப் பெட்டிக்குள் நெக் பக்கத்தில் வைத்து மூடுங்கள். கூடவே சின்ன டிஜிட்டல் ஈரமானி ஒன்று. 45-க்குக் கீழே இறங்கினால் பஞ்சை மறுபடி நனையுங்கள். ஃபிரெட் நுனியை அராவ இப்போது யாரிடமும் கொடுக்க வேண்டாம். ஒரு மாதம் இப்படி வைத்துப் பார்த்த பிறகும் குத்தினால் அப்போது கொடுங்கள்.