மாலை நடையில் நெஞ்சு எரிகிறதா? ஓசோன் எந்திரம் வாங்குவதற்கு முன்

கேள்வி: எனக்கு வயது 61. தினமும் மாலை 4 மணிக்கு ஒரு மணி நேரம் வேகமாக நடப்பேன். வெயில் காலம் தொடங்கியதிலிருந்து, நடந்து முடித்ததும் தொண்டை கரகரக்கிறது. மூச்சை ஆழமாக இழுத்தால் நெஞ்சுக்குள் எரிகிறது, இருமல் வருகிறது. மறுநாள் காலையில் ஒன்றும் இருப்பதில்லை. காற்றின் தரம் காட்டும் கைப்பேசிச் செயலி, பிற்பகலில் ‘ஓசோன் அதிகம்’ என்கிறது. ஓசோன் நம்மைக் காப்பது என்றுதானே பள்ளியில் படித்தோம்? வீட்டில் ஆஸ்துமா உள்ள பேத்தி இருக்கிறாள். அவளுக்காக, ஓசோனை வெளியிட்டுக் காற்றைச் சுத்தமாக்கும் எந்திரம் ஒன்றை வாங்கித் தருவதாக மகன் சொல்கிறான். வாங்கலாமா? நான் முகக்கவசம் போட்டுக்கொண்டு நடந்தால் போதுமா?

பதில்: எந்திரத்தை வாங்க வேண்டாம். மகனிடம் இன்றே சொல்லிவிடுங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். நான் காற்றை அளப்பவன், மருத்துவன் அல்லன். நடக்கும்போது நெஞ்சு இறுகி, நின்றதும் விட்டுவிடுவது, வலி தோளுக்கோ கைக்கோ தாடைக்கோ பரவுவது ஆகியவை இதயக் கோளாறின் அறிகுறிகளாக இருக்கலாம். உங்கள் வயதில் அதை ஓசோன் தலையில் கட்டிவிட்டுச் சும்மா இருக்கக்கூடாது. ஒருமுறை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். ஆனால் நீங்கள் எழுதியிருப்பவை வேறு மாதிரியானவை. வெயில் காலம், பிற்பகல், ஆழ மூச்செடுத்தால் எரிச்சல், விடிவதற்குள் தணிந்துவிடுவது என்று எல்லாமே ஓசோன் பக்கம்தான் கைகாட்டுகின்றன.

பள்ளியில் படித்தது பொய்யில்லை. பாதிதான் சொல்லிக்கொடுத்தார்கள். வளிமண்டலத்தில் இருக்கும் ஓசோனில் ஏறத்தாழ 90 விழுக்காடு, நம் தலைக்கு மேலே 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. சூரியனின் புற ஊதாக் கதிர்களில் தோலையும் கண்ணையும் கெடுப்பவற்றில் பெரும்பகுதியை அங்கேயே அது விழுங்கிவிடுகிறது. ‘ஓசோன் படலம்’ என்ற பெயரைக் கேட்டுத் தடித்த போர்வை ஒன்றைக் கற்பனை செய்துகொள்கிறோம். தரையிலிருந்து வான விளிம்பு வரை உள்ள ஓசோன் அனைத்தையும் கீழே கொண்டுவந்து, கடல் மட்டத்துக் காற்றழுத்தத்தில் பரப்பினால் 3 மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். அந்த 3 மில்லிமீட்டரைத்தான் குளிர்பதனப் பெட்டியிலும் தெளிப்பான் டப்பாக்களிலும் இருந்த குளோரோபுளோரோகார்பன்கள் அரித்துக்கொண்டிருந்தன. இப்படி நடக்கும் என்று மோலினா, ரோலண்ட் என்ற வேதியியலாளர்கள் 1974இல் எழுதினார்கள். அண்டார்டிகா வானில் ஓட்டை விழுந்த செய்தி 1985இல் வெளிவந்தது. 1987இல், அந்தப் பொருள்களைப் படிப்படியாகக் கைவிடுவதற்கான மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. உலக நாடுகள் ஒன்றுகூடிச் செய்து, பலனும் கண்ட வெகு சில காரியங்களில் இது ஒன்று. மேலே உள்ள ஓசோன் மெல்லத் தேறிவருகிறது.

உங்கள் நெஞ்சை எரிப்பது மீதிப் பத்து விழுக்காட்டில் ஒரு துளி. மூலக்கூறு அதேதான், மூன்று ஆக்சிஜன் அணுக்கள். அந்த மூன்றாவது அணு எதன்மீதாவது ஏறிக்கொள்ளத் துடித்துக்கொண்டே இருக்கும். முப்பது கிலோமீட்டர் உயரத்தில் அதனால் யாருக்கும் தொல்லை இல்லை. மூச்சுக்குழாயின் ஈரப் படலத்தில் அதே துடிப்புதான் புண்ணாக்குகிறது. கீழே சேர்ந்த ஓசோன் மேலே போய் ஓட்டையை அடைக்குமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். அடைக்காது. அவ்வளவு தூரம் ஏறுவதற்குள் அது வேறு எதனுடனாவது வினைபுரிந்து அழிந்துவிடும்.

இந்தக் கீழ் ஓசோனை எந்தப் புகைபோக்கியும் நேரடியாகக் கக்குவதில்லை. வண்டிகளும் மின்நிலையங்களும் தருவது நைட்ரஜன் ஆக்சைடுகளை. பெட்ரோல், பெயின்ட், கரைப்பான்கள் ஆகியவற்றிலிருந்து எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் வருகின்றன. மரங்களும் தம் பங்குக்குக் கொஞ்சம் விடுகின்றன. இரண்டையும் வெயிலில் வைத்தால் ஓசோன் பிறக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கண் எரியும் புகைமூட்டத்துக்கு இதுதான் காரணம் என்று 1950களின் தொடக்கத்தில் ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர் காட்டினார். அன்றைக்கு அங்கே ரப்பர் பொருள்களில் வழக்கத்தைவிட வேகமாக விரிசல் விழுந்தது. வளைத்து வைத்த ரப்பர்த் துண்டில் எவ்வளவு நேரத்தில் விரிசல் விழுகிறது என்று பார்த்தே ஓசோனை அளந்தார்கள்.

இப்போது எங்களிடம் இருக்கும் கருவி, குழாய்க்குள் காற்றை இழுத்து, ஒரு முனையிலிருந்து புற ஊதா விளக்கைப் பாய்ச்சி, மறுமுனைக்கு எவ்வளவு ஒளி வந்து சேர்கிறது என்று பார்க்கிறது. ஒளி குறையக் குறைய ஓசோன் அதிகம் என்று பொருள். மேலே நம்மைக் காக்கும் அதே குணத்தை வைத்துத்தான் கீழே அதைப் பிடிக்கிறோம். நல்ல வெயில் நாளில் அந்தக் கருவி வரையும் கோட்டைப் பார்க்க வேண்டும். விடியற்காலையில் தரையோடு தரையாகக் கிடக்கும். ஒன்பது மணிக்குத் தலை தூக்கும். பத்துக்கு மேல் செங்குத்தாக ஏறும். இரண்டிலிருந்து நான்கு, சில நாள்களில் ஐந்து மணி வரை உச்சியில் நின்றுவிட்டு, வெயில் சாயச் சாய இறங்கும். மேகம் மூடிய நாளில் கோடு அவ்வளவாக எழாது. உங்கள் நான்கு மணி நடையை அந்தக் கோட்டின் மேல் வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய உச்சியில் நடந்துகொண்டிருக்கிறீர்கள்.

‘நான் சாலையில் நடப்பதில்லை, மரங்கள் அடர்ந்த பூங்காவில்தான் நடக்கிறேன்’ என்று நீங்கள் சொல்லக்கூடும். ஓசோன் விஷயத்தில் அது உதவாது. சில சமயம் நிலைமை இன்னும் மோசம். வண்டிப் புகையில் புதிதாக வரும் நைட்ரிக் ஆக்சைடு, ஓசோனைத் தின்றுவிடும். அதனால் நெரிசலான சந்திப்பில் ஓசோன் குறைவாகவும், காற்று வீசும் திசையில் ஊருக்கு வெளியே, பசுமையான இடத்தில் அதிகமாகவும் பதிவாவது சாதாரணம். 2020இல் ஊரடங்கின்போது வண்டிகள் நின்றன. பல நகரங்களில் மற்ற மாசுகள் குறைய, ஓசோன் மட்டும் கூடியது. அதற்காகச் சந்திப்பில் போய் நடக்காதீர்கள். அங்கே நுண்துகளும் நைட்ரஜன் டை ஆக்சைடும் காத்திருக்கின்றன.

உடலுக்குள் நடப்பது இதுதான். சல்பர் டை ஆக்சைடு போன்றவை நீரில் எளிதாகக் கரைவதால் பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். ஓசோன் அவ்வளவாகக் கரையாது. அதனால் நுரையீரலின் கடைசிச் சிறு கிளைகள் வரை போய், அங்குள்ள மெல்லிய சவ்வை அழற்சி கொள்ள வைக்கிறது. உடனே மூச்சுக்குழாய்கள் கொஞ்சம் சுருங்கிக்கொள்கின்றன; முழு மூச்சு எடுக்க முடியாது, எடுத்தால் எரியும், இருமல் வரும். எவ்வளவு பாதிப்பு என்பதைக் காற்றில் உள்ள அளவு மட்டும் முடிவு செய்வதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு ஏழெட்டு லிட்டர் காற்றை இழுக்கிறோம். வேகமாக நடந்தால் அது மூன்று நான்கு மடங்காகிறது. ஒரே பூங்காவில், ஒரே நேரத்தில், பெஞ்சில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பவருக்கு ஒன்றும் ஆகாமல் உங்களுக்கு மட்டும் எரிவது இதனால்தான்.

‘நாலு நாள் எரிந்தது, பிறகு பழகிவிட்டது’ என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்குக் கவலையாக இருக்கும். தொடர்ந்து சில நாள் ஓசோனை மூச்சில் இழுப்பவர்களுக்கு இருமலும் எரிச்சலும் குறைவது உண்மை. உள்ளே அழற்சி ஓய்ந்துவிட்டது என்று அதற்குப் பொருளில்லை.

செயலியில் காட்டும் எண்ணைப் படிக்கும்போது ஒரு குழப்பம் வரும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, எட்டு மணி நேரச் சராசரி ஒரு கனமீட்டர் காற்றில் 100 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. இன்னொரு செயலி இதையே நூறு கோடியில் எத்தனை பங்கு என்ற கணக்கில், ஏறத்தாழ 50 என்று காட்டும். இரண்டும் ஒரே காற்று. இவை போதாதென்று மூன்றாவதாகக் காற்றுத் தரக் குறியீடு என்று ஓர் எண் இருக்கிறது. பொதுவாக அது அப்போதைக்கு எந்த மாசு மிக மோசமோ அதை மட்டும் பிரதிபலிக்கும். எனவே மொத்த எண்ணைப் பார்த்து முடிவு செய்யாமல், ஓசோன் என்று தனியாக உள்ள வரியைத் தட்டிப் பாருங்கள். பக்கத்தில் உள்ள அலகையும் பாருங்கள்.

நடையைச் சூரியன் எழும் நேரத்துக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால், பொழுது சாய்ந்து ஒன்றரை மணி நேரம் கழித்து நடக்கலாம். காலைக்கும் ஒரு குறை உண்டு. காற்றசைவு இல்லாத குளிர்ந்த காலைகளில் புகையும் துகளும் தரையோடு படிந்து நிற்கும். அப்படிப்பட்ட நாளில் செயலியில் நுண்துகள் வரியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பிற்பகலில்தான் போக முடியும் என்ற நாளில் வேகத்தைக் குறைத்து, நேரத்தையும் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

முகக்கவசம் இதற்குப் பயன்படாது. என்95 கவசம் துகளைப் பிடிக்கும். ஓசோன் வாயு, இழைகளுக்கு இடையே நழுவிப்போய்விடும். உண்மையில் உதவுவது வீடுதான். சன்னல்களை நண்பகலிலிருந்து ஐந்து, ஆறு மணி வரை மூடி வைத்தால், உள்ளே நுழைந்த ஓசோன் சுவரிலும் திரையிலும் துணியிலும் மோதிச் சில நிமிடங்களிலேயே அழிந்துவிடும். வெளியே இருப்பதில் பாதிகூட உள்ளே இருக்காது. இரவிலும் காலையிலும் தாராளமாகத் திறந்துவிடுங்கள். பேத்திக்கு இது உங்களைவிட முக்கியம். குழந்தைகள் தங்கள் எடைக்கு நம்மைவிட அதிகக் காற்றை இழுக்கிறார்கள். அவர்களின் நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. ஓசோன் கூடிய நாளில் அவள் ஓடியாடும் விளையாட்டைப் பொழுது சாய்ந்தபின் வைத்துக்கொள்ளட்டும். இன்ஹேலர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். அளவையும் வேளையையும் அவளுடைய மருத்துவர் சொன்னபடியே பின்பற்றுங்கள்.

அப்படிப்பட்ட குழந்தை தூங்கும் அறையில், வெளியிலிருந்து வராமல் காக்க நினைக்கும் அதே வாயுவை உற்பத்தி செய்யும் எந்திரத்தை வைப்பதா? விற்பவர்கள் ‘இடி மழைக்குப் பிந்தைய புத்துணர்ச்சி வாசனை’ என்பார்கள். மின்னலின்போது ஓசோன் உண்டாவது உண்மைதான். ஷான்பைன் என்ற வேதியியலாளர் இந்த வாயுவுக்குப் பெயர் வைத்ததே, கிரேக்கத்தில் ‘மணப்பது’ என்ற சொல்லிலிருந்துதான். வாசனை வருகிறது என்றால் காற்று சுத்தமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. நம் மூக்கு அந்த வாசனைக்குச் சீக்கிரமே மரத்தும் போய்விடும். கிருமியைக் கொல்ல வேண்டுமானால், மனிதர் பாதுகாப்பாகச் சுவாசிக்கக்கூடியதைவிடப் பல மடங்கு ஓசோன் வேண்டும். பாதுகாப்பான அளவில் விட்டால் கிருமி சாகாது. நடுவில் ஒரு நல்ல அளவு கிடையாது. இதோடு, எலுமிச்சை மணமுள்ள தரை துடைக்கும் திரவத்தின் ஆவியோடு ஓசோன் சேர்ந்தால் ஃபார்மால்டிஹைடும் மீநுண் துகள்களும் உண்டாகும். இந்தக் காரணங்களால்தான், வீட்டுக் காற்றுச் சுத்திகரிப்பான்கள் வெளியிடும் ஓசோனுக்குக் கலிஃபோர்னியா மாநிலம் 2010இலேயே சட்டப்படி வரம்பு கட்டியது. குடிநீரைச் சுத்திகரிக்க ஓசோனைப் பயன்படுத்துவது வேறு. அங்கே யாரும் அதைச் சுவாசிப்பதில்லை.

கடைகளில் ‘ஓசோன்’ என்ற சொல்லே இல்லாமலும் இது விற்பனைக்கு வரும். ‘செயலூக்கப்பட்ட ஆக்சிஜன்’, ‘அயனி’, ‘பிளாஸ்மா’ என்று பெட்டியில் எழுதியிருந்தால், எவ்வளவு ஓசோன் வெளியாகும் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள். சுத்திகரிப்பான் வேண்டும் என்றே நினைத்தால், ஹெப்பா வடிகட்டியும் போதுமான அளவு செயலூட்டிய கரியும் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். ஹெப்பா துகளைப் பிடிக்கும். ஓசோனைப் பிடிப்பது கரிதான். அந்தக் கரியை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் பயனில்லை.

உங்களுக்குத் தோட்டம் இருக்கிறதா என்று தெரியாது. இருந்தால் பீன்ஸ் கொடியின் முதிர்ந்த இலை ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மேற்புறத்தில் மட்டும், நரம்புகளைத் தொடாமல் அவற்றுக்கு இடையே, ஊசியால் குத்தியதுபோல் வெண்கலப் புள்ளிகள் நெருக்கமாக இருந்தால் ஓசோனைச் சந்தேகிக்கலாம். அடிப்புறத்தில் நூலாம்படையும் பூச்சியும் இருந்தால் அது சிலந்திப் பேனின் வேலை. கோதுமையும் சோயாவும் இந்த வாயுவால் விளைச்சலை இழப்பவை. பெல்-டபிள்யூ3 என்ற புகையிலை வகை மிக எளிதில் புள்ளி விழுவதால், ஓசோனைக் காட்டிக்கொடுக்கும் செடியாகவே அதை வளர்த்து ஆராய்ந்திருக்கிறார்கள்.

இரண்டு வாரம் ஒரு தாளில் குறித்து வையுங்கள். முதல் வாரம் வழக்கமான நான்கு மணி நடை, வேகத்தைக் கொஞ்சம் குறைத்து. இரண்டாவது வாரம் விடியற்காலை நடை. நடந்த நேரம், செயலியில் ஓசோன் வரியில் கண்ட எண், இருமல் உண்டா இல்லையா, இவை மூன்றும் போதும். மருத்துவரைப் பார்க்கும்போது அந்தத் தாளைக் கொண்டுபோங்கள். விடியற்காலை வாரத்திலும், மழை பெய்து வானம் மூடிய நாளிலும் அதே எரிச்சல் வந்தால், ஓசோனை விட்டுவிட்டு வேறு காரணம் தேட வேண்டும்.