புது டயர் என்று சொல்லி நாலு வருடப் பழசை விற்றால் வழக்குப் போடலாமா?

கேள்வி: திருமங்கலத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். என் காருக்கு 205/55 ஆர்16 அளவில் நான்கு பெர்ஃபார்மன்ஸ் டயர்களை 2025 டிசம்பரில் மதுரை பைபாஸ் ரோட்டில் ஒரு கடையில் வாங்கினேன். 42,000 ரூபாய், பில் இருக்கிறது. "புது ஸ்டாக்ண்ணே, போன வாரந்தான் இறங்குச்சு" என்று கடைக்காரர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். ஐந்து மாதத்தில் முன்பக்க இடது டயர் பக்கவாட்டில் புடைத்துக்கொண்டது. பள்ளத்தில் விட்டிருப்பீர்கள் என்கிறார் கடைக்காரர். கம்பெனி ஆளும் வந்து பார்த்துவிட்டு, வாரண்டி கிடையாது என்று போய்விட்டார். பிறகு பஞ்சர் கடையில்தான் சொன்னார்கள், டயரில் 3321 என்று இருக்கிறது, அது 2021-ல் செய்த டயர் என்று. பில்லின் அடியில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று அச்சடித்திருக்கிறது. வழக்கு நிற்குமா? இன்னொன்று, இவற்றைக் கழற்றிவிட்டு அலாய் வீலோடு 225/50 ஆர்17-க்கு மாறினால் சட்டச் சிக்கல் வருமா?

பதில்: வழக்கு நிற்கும். ஆனால் நீங்கள் எதற்காகக் கோபப்படுகிறீர்களோ அதற்காக அல்ல. உங்கள் கடிதத்தில் பாதிக்கு மேல் புடைப்பைப் பற்றியே இருக்கிறது. வழக்கில் அதுதான் பலவீனமான பகுதி.

பக்கவாட்டுச் சுவருக்குள் இருக்கும் நூல்கள் அறுந்தால் உள்ளிருக்கும் காற்று அந்த இடத்தில் ரப்பரை வெளியே தள்ளும். பெரும்பாலும் பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே டயர் நசுங்கும்போது இப்படி ஆகிறது. குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய நம் ஊர்த் தெருக்களில் ஓட்டும் காருக்கு, "இது தயாரிப்புக் குறைதான்" என்று நிரூபிப்பது லேசான காரியம் இல்லை. ரிம்மில் நெளிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அந்த வாதத்தை விட்டுவிடலாம். இல்லையென்றால், டயரை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி நுகர்வோர் ஆணையத்திடம் கேட்கலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 38-ஆம் பிரிவு அதற்கு வழி வைத்திருக்கிறது. ஆய்வுக் கட்டணத்தை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டும்.

இப்போது 3321-க்கு வருவோம். டயரின் பக்கச் சுவரில் இருக்கும் நீளமான தயாரிப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் இவை. அதில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். அதாவது 2021-ன் 33-ஆவது வாரம், ஆகஸ்ட் மாதம். நான்கு வருடத்துக்கு மேல் கிடங்கில் கிடந்ததை "போன வாரம் இறங்கியது" என்று விற்றிருக்கிறார்கள். லாரியில் இருந்து போன வாரம் இறங்கியிருக்கலாம், அது வேறு கதை என்று அவர்கள் தரப்பு வக்கீல் சொல்லிப் பார்ப்பார். ஆனால் 'புது ஸ்டாக்' என்று எழுதிய பிறகு அந்த வாதம் கடைக்காரரைக் காப்பாற்றாது. பழைய பொருளைப் புதிது என்று பொய்யாகக் காட்டி விற்பதை, நேர்மையற்ற வணிக நடைமுறை என்று அதே சட்டத்தின் 2(47) பிரிவு பெயர் சொல்லியே குறிக்கிறது. பள்ளம், ரிம், ஓட்டிய விதம் எதுவும் இந்த வாதத்துக்குள் வராது. டயரில் அச்சாகியிருக்கும் எண்ணோடு யார் வாதாட முடியும்?

மற்ற மூன்று டயர்களையும் பார்த்தீர்களா? அந்த எண் முழுதாக ஒரு பக்கச் சுவரில் மட்டும் இருக்கும், சில சமயம் அது உள்பக்கமாகப் போய்விடும். வண்டியை லிஃப்டில் ஏற்றி நான்கையும் படம் எடுங்கள். கூடவே 91வி என்பது போன்ற குறியீட்டையும் எடுங்கள். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். வி என்றால் 240 கி.மீ. வேகம் வரை, எச் என்றால் 210 வரை. கார் கம்பெனி வி சொல்லியிருந்து இவர்கள் எச் மாட்டியிருந்தால் அதையும் புகாரில் சேருங்கள். மேலூர் ரோட்டில் யாரும் 210-ல் போவதில்லைதான். ஆனாலும் பெர்ஃபார்மன்ஸ் டயர் என்று காசு வாங்கிக்கொண்டு ஒரு படி குறைத்துக் கொடுத்ததாக ஆகும்.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற வரியைக் கண்டு தயங்க வேண்டாம். பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பதே நேர்மையற்ற நடைமுறை என்கிறது சட்டம். நீங்கள் அந்த 30 நாளைத் தாண்டிவிட்டீர்கள். ஆனால் பொய் சொல்லி விற்றதற்கு அந்தக் கெடு பொருந்தாது. வழக்குத் தொடர இரண்டு வருடம் இருக்கிறது.

எனக்குக் கவலை உங்கள் சாட்சியத்தைப் பற்றித்தான். புடைத்த டயரில் ஓட்டாதீர்கள், அது எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும். கழற்றி வீட்டில் வையுங்கள். "கொண்டு வாங்க, பார்த்துத் தர்றோம்" என்று கடையில் கேட்டால், எண்ணைக் குறித்து எழுத்தில் ரசீது தராமல் கொடுக்காதீர்கள். கொடுத்த டயர் காணாமல் போன வழக்குகள் உண்டு. கம்பெனியின் நிராகரிப்பையும் காரணத்தோடு எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் வைத்து, அச்செடுத்து, பாரதிய சாக்ஷ்ய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவு மின்னணு ஆதாரத்துக்குக் கேட்கும் சான்றோடு தாக்கல் செய்யுங்கள்.

முதலில் கடைக்கும் தயாரிப்பாளருக்கும் ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். அது கட்டாயமில்லை, ஆனால் பல கடைகள் அதிலேயே இறங்கி வந்துவிடும். வராவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமலும் வாதாடலாம் (இதைச் சொல்வதில் எனக்கு நஷ்டம்தான்). இணையத்தில் இ-ஜாக்ரிதி என்ற அரசுத் தளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். 42,000 ரூபாயையோ மாற்று டயர்களையோ கேளுங்கள். மன உளைச்சலுக்கும் செலவுக்கும் நியாயமான ஒரு தொகை கேளுங்கள். பத்து லட்சம் கேட்டால் படிப்பவர்களுக்கே நம்பிக்கை போய்விடும்.

அப்புறம், பில்லில் உங்கள் ஜவுளிக்கடையின் ஜிஎஸ்டி எண் இருக்கிறதா? இருந்தால் 'இவர் வியாபாரத்துக்கு வாங்கினார், நுகர்வோரே இல்லை' என்று எதிர்த்தரப்பு முதல் பந்தை அங்கேதான் போடும். கார் உங்கள் பெயரில் இருக்கும் ஆர்.சி. நகலை முதலிலேயே இணைத்துவிடுங்கள்.

இன்சூரன்ஸில் எதிர்பார்க்காதீர்கள். வழக்கமான பாலிசியில் டயருக்கு மட்டும் சேதம் என்றால் பணம் இல்லை. அதே விபத்தில் வண்டியும் அடிபட்டால்தான், அதுவும் டயர் விலையில் பாதி. டயருக்கென்று தனி ஆட்-ஆன் எடுத்திருந்தால் வேறு.

225/50 ஆர்17 வேண்டாம் என்பேன். உங்கள் பழைய அளவின் மொத்த விட்டம் சுமார் 632 மி.மீ., இது 657. மீட்டர் 80 காட்டும்போது வண்டி 83-ல் போகும், சாலையில் இருக்கும் வேகக் கேமரா உங்கள் மீட்டரைப் பார்த்து அபராதம் போடுவதில்லை. தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் அதைக் கண்டிப்பாகச் சொன்னது. 182ஏ(4) பிரிவில் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பிடித்துக்கொள்வதும் இதைத்தான். 17 அங்குலம்தான் வேண்டுமென்றால், உங்கள் மாடலின் உயர் ரகத்தில் கார் கம்பெனியே 225/45 ஆர்17 தருகிறதா என்று உரிமையாளர் கையேட்டில் பாருங்கள். அதன் விட்டம் 634, கிட்டத்தட்ட பழையதுதான். சுமைக் குறியீடு 91-க்குக் குறையாமல் வாங்குங்கள், பில்லில் நான்கு டயரின் தேதி எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.