அட்டையில் தேதி இருக்காது: வெளிநாட்டு வேலை விசா புதுப்பிப்பு, கேள்வி பதில்

நான் காவேரிப்பட்டணத்துக்காரன். ரியாத்தில் ஒரு கட்டுமான நிறுவனத்தின் ஆபீஸில் இகாமா (சவுதியில் தங்கி வேலை செய்வதற்கான அனுமதி), இன்சூரன்ஸ், டிக்கெட் வேலைகளை 14 வருஷம் பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டேன். மாங்காய் சீசனில் லீவுக்கு வருகிறவர்கள் டீக்கடையில் உட்கார வைத்து ஏதாவது கேட்பார்கள். இந்த வருஷம் கேட்டதையெல்லாம் எழுதி வைத்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

பென்னாகரம், தம்மாமில் டிரைவர்: அண்ணா, கம்பெனி இகாமாவை இன்னும் ரெனியூ பண்ணவில்லை என்று ரூமில் பேசிக்கொள்கிறார்கள். அட்டையில் தேதியைத் தேடினேன், காணோம்.

தேடினாலும் கிடைக்காது தம்பி. 2015 கடைசியிலிருந்து கொடுக்கும் அட்டை 5 வருஷத்துக்கானது. இகாமா முடிகிற தேதியை அதில் அச்சடிப்பதில்லை. புதுப்பிப்பது எல்லாம் கம்ப்யூட்டரில்தான். அட்டை பளபளவென்று இருக்கும், உள்ளே இகாமா செத்துப் போயிருக்கும்.

சவுதி அரசின் அப்ஷிர் ஆப்பில் உங்கள் இகாமா விவரத்தைத் திறந்தால் தேதி தெரியும். ஹிஜ்ரி (இஸ்லாமியக் காலண்டர்) தேதி காட்டினால் ஆங்கிலத் தேதிக்கு மாற்றிப் பாருங்கள். ஹிஜ்ரி வருஷம் நம் காலண்டரைவிட சுமார் 11 நாள் குறைவு, போன வருஷம் இதே தேதி என்று மனக்கணக்கு போட்டால் தப்பாகும். இன்னொன்று, 2021 முதல் 3, 6, 9 மாதங்களுக்கும் கட்டிப் புதுப்பிக்கலாம். ஆகவே வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதாது, மாசம் ஒருமுறை பாருங்கள். அப்ஷிர் கணக்கு உங்கள் சொந்த நம்பரில் இருக்கட்டும். மந்தூப் (கம்பெனிக்காக அரசு ஆபீஸ் வேலைகளைப் பார்ப்பவர்) நம்பரில் பதிந்து வைத்திருக்கும் ஆட்கள் உண்டு, ஓடிபி அவருக்குத்தான் போகும்.

இவ்வளவு வாய் கிழியப் பேசுகிற எனக்கே ஒரு வருஷம் இகாமா 40 நாள் செத்துக் கிடந்தது. ஊருக்கெல்லாம் தேதி பார்த்தவன் என் தேதியைப் பார்க்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஏடிஎம்மில் அட்டையைப் போட்டால் பணம் வரவில்லை, அரபியில் இரண்டு வரி வந்து அட்டை வெளியே வந்துவிட்டது. இகாமா முடிந்தால் பேங்க் கணக்கை முடக்குவார்கள் என்று அன்றுதான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

நீங்கள் டிரைவர் என்பதால் இதையும் பாருங்கள்: உங்கள் பெயரில் டிராஃபிக் அபராதம் பாக்கி இருந்தால் ரெனியூவல் நின்றுவிடும். கம்பெனி கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

காரிமங்கலம், ரியாத்தில் கொத்தனார்: ரெனியூவல் காசை என் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். சரிதானா?

சரியில்லை. சவுதி தொழிலாளர் சட்டத்தின் 40-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: இகாமா, வொர்க் பெர்மிட், அவற்றைப் புதுப்பிப்பது, தாமதமானால் வரும் அபராதம், எக்ஸிட் ரீ-என்ட்ரி (ஊருக்குப் போய்த் திரும்பி வரும் அனுமதி) எல்லாம் முதலாளி செலவு. முதல் தடவை தாமதத்துக்கு 500 ரியால், இரண்டாம் தடவை 1000. மூன்றாவது தடவை என்றால் நாட்டைவிட்டே அனுப்பலாம்.

முதலாளி ஏன் இழுத்தடிக்கிறார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இகாமா கட்டணம் வருஷத்துக்கு 650 ரியால்தான். வொர்க் பெர்மிட்டோடு வருகிற லெவி, அதாவது வெளிநாட்டுத் தொழிலாளிக்காக அரசு வாங்கும் வரிதான் கையைக் கடிக்கும். கம்பெனியில் சவுதிக்காரர்களைவிட வெளிநாட்டார் அதிகம் என்றால் தலைக்கு மாதம் 800, இல்லாவிட்டால் 700. வருஷத்துக்கு 9600 ரியால் என்றால் சின்ன கஃபீலுக்கு (விசா கொடுத்த முதலாளிக்கு) பெரிய தொகை. அதற்காக அது உங்கள் தலையில் விழ வேண்டியதில்லை.

'ஃப்ரீ விசா'வில் போனவர்கள் இதைப் படித்துவிட்டு என்னைத் திட்டுவார்கள், தெரியும். அப்படி ஒரு விசா சட்டத்தில் கிடையாது. ஒருவர் பெயரில் விசா, வேறொருவரிடம் வேலை, எல்லாச் செலவும் உங்களுடையது. நாளைக்குப் புகார் கொடுக்கப் போனால் முதலில் மாட்டுவது நீங்கள்தான்.

பாலக்கோடு, வீட்டுக்காரர் ஜுபைலில்: அவர் நாலு மாசமாகப் பணம் அனுப்பவில்லை. கேட்டால் "பேங்க் பிரச்சினை" என்கிறார். நம்பலாமா அண்ணா?

நம்பலாம்மா. அதோடு விட்டுவிடாமல், "இகாமா தேதி என்ன?" என்று கேளுங்கள். நான் பார்த்தவரை, திடீரென்று பணம் நின்றால் பாதிக்கு மேல் அதுதான் காரணம். வீட்டில் கவலைப்படுவீர்கள் என்று சொல்லியிருக்க மாட்டார்.

இகாமா செத்துவிட்டது என்றால் அது அவருக்கு ஒரு கதவையும் திறக்கிறது. 2021 மார்ச்சில் வந்த மாற்றத்துக்குப் பிறகு, இகாமாவோ வொர்க் பெர்மிட்டோ முடிந்துவிட்டாலும், தொடர்ந்து 3 மாதம் சம்பளம் வராவிட்டாலும், பழைய முதலாளி சம்மதம் இல்லாமலே வேறு கம்பெனிக்கு மாறலாம். புது கம்பெனி கிவா என்ற சவுதி தொழிலாளர் இணையதளத்தில் கோரிக்கை அனுப்ப வேண்டும், இவர் தன் கணக்கில் ஒப்புக்கொள்ள வேண்டும். புது ஆளைத் தேடிப் பிடிப்பதுதான் பெரிய வேலை, மற்றதெல்லாம் நாலு கிளிக்.

வேலைக்குப் போகாமல் ரூமில் படுத்துவிட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். வரவில்லை என்று கம்பெனி பதிவு செய்தால், மாறவோ ஊர் திரும்பவோ அவருக்கு 60 நாள்தான். அதற்குப் பிறகு அது ஹுரூப், அதாவது ஓடிப்போனவர் என்ற பதிவு, நம் ஆட்கள் நடுங்குகிற அதே ஹுரூப். நீங்கள் இங்கிருந்தே இந்திய அரசின் 'MADAD' என்ற இணையதளத்தில் புகார் பதியலாம். பாஸ்போர்ட் நகல், இகாமா நம்பர், கம்பெனி பெயர் மூன்றும் கையில் இருக்கட்டும்.

போச்சம்பள்ளி, இரண்டு மாச லீவில் வந்தவர்: தோப்பில் பெங்களூரா மாங்காய் இன்னும் அறுக்கவில்லை. ரீ-என்ட்ரியை இங்கிருந்தே நீட்டிக்கலாமா?

நீட்டிக்கலாம், ஆனால் நீங்கள் அல்ல, கம்பெனிதான். அவர்களுடைய கணக்கிலிருந்து செய்ய வேண்டும். முடிவதற்குப் பத்து நாள் முன்னாலேயே கேளுங்கள். இகாமாவும் அதுவரை உயிரோடு இருக்க வேண்டும். ஆள் ஊரில் இருக்கும்போதே இகாமாவைப் புதுப்பிக்கவும் இப்போது வழி உண்டு.

உங்கள் பேப்பரை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். இத்தனை நாள் என்று இருந்தால் சவுதியைவிட்டுக் கிளம்பிய நாளிலிருந்து கணக்கு. இன்ன தேதிக்குள் திரும்ப வேண்டும் என்று இருந்தால் அந்தத் தேதிதான், எப்போது கிளம்பியிருந்தாலும் சரி. இதைக் குழப்பிக்கொண்டு தேவனஹள்ளி ஏர்போர்ட் கவுன்டர் வரை போய்விட்டு, அதே வாடகைக் காரில் கிருஷ்ணகிரிக்குத் திரும்பிய ஒருவரை எனக்குத் தெரியும்.

ஊத்தங்கரை: பாஸ்போர்ட் முடிய 5 மாசம் இருக்கிறது. இகாமா ரெனியூ ஆன பிறகு மாற்றிக்கொள்ளலாமா?

முதலில் பாஸ்போர்ட். முடிவதற்கு ஒரு வருஷம் முன்பே புதுசு எடுக்கலாம், அங்கேயே எடுக்கலாம். எக்ஸிட் ரீ-என்ட்ரிக்கு பாஸ்போர்ட் 90 நாளாவது செல்லுபடியாக வேண்டும். அப்புறம் எல்லோரும் மறக்கும் ஒன்று, 'நக்ல் மாலுமாத்'. புது பாஸ்போர்ட் நம்பரை சவுதிக் கணக்கில் ஏற்றுவதற்கு அங்கே அதுதான் பெயர். அதைச் செய்யாவிட்டால் பழைய நம்பரில்தான் எல்லாம் ஓடும்.

பர்கூர், துபாயில் எலக்ட்ரீஷியன்: அப்பாவுக்கு உடம்பு முடியாமல் ஊரில் 5 மாசம் ஆகிவிட்டது.

தம்பி, 180 நாள் தாண்டினால் அங்கே ரெசிடென்ஸ் செல்லாமல் போகும். விசாவில் ஒரு வருஷம் பாக்கி இருந்தாலும் அப்படித்தான். வெளியேறிய நாளிலிருந்து எண்ணுங்கள். தாண்டிவிட்டால் காரணத்தோடு மறு நுழைவு அனுமதி கேட்க வழி உண்டு, ஆஸ்பத்திரி பேப்பர்களைப் பத்திரமாக வையுங்கள். ஆனால் முடிந்தால் 180-க்குள் ஒரு நடை போய் வந்துவிடுங்கள். டிக்கெட் காசு போகட்டும்.

அதே ஊர்: ரெனியூவல் மெடிக்கலில் எக்ஸ்ரேயில் பழைய டிபி தழும்பு தெரிந்தால் அனுப்பிவிடுவார்களா?

புதிதாகப் போகிறவர்கள் நிலை வேறு. ஏற்கெனவே அமீரகத்தில் இருந்து புதுப்பிப்பவர்களுக்கு 2016-லிருந்து விதி தளர்ந்திருக்கிறது: சிகிச்சை, கண்காணிப்பு என்ற நிபந்தனையோடு ஒரு வருஷ ரெசிடென்ஸ் தருகிறார்கள். பயந்துகொண்டு மெடிக்கலைத் தள்ளிப்போடாதீர்கள்.

அரூர், சிங்கப்பூரில் வேலை: பெர்மிட் ரெனியூவலுக்கு சூப்பர்வைசர் காசு கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். வேலை தரவோ பெர்மிட்டைப் புதுப்பிக்கவோ தொழிலாளியிடம் காசு வாங்குவது அங்கே குற்றம். மனிதவள அமைச்சகத்தில் புகார் செய்யலாம். பெர்மிட் பொதுவாக 2 வருஷம், பாஸ்போர்ட் அதற்கு முன்னால் முடிந்தால் பெர்மிட்டும் அதோடு சரி.

மத்தூர், ஒரு அம்மா: பையன் பத்தாவது பாஸ். ஆனால் பாஸ்போர்ட்டில் ஈசிஆர் (சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசு அனுமதி வேண்டும் என்ற குறிப்பு) என்று இருக்கிறது. அங்கே புதுப்பிக்கும்போது மாற்றலாமா?

மாற்றலாம்மா. பத்தாவது தேறிய சான்றிதழைக் காட்டினால் போதும். டிரங்கு பெட்டியைத் திறந்து கரையான் அரிக்காமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இன்றைக்கே போட்டோ எடுத்து அவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ஒரிஜினலை யாராவது லீவு முடிந்து போகும்போது கொடுத்துவிடலாம்.