டைப்ரைட்டர் கேள்வி-பதில்: முதலில் பூட்டைப் பாருங்கள்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதி "கேரேஜ் நகரவில்லை" என்றே ஆரம்பிக்கின்றன. கேரேஜ் என்றால் தாளைப் பிடித்துக்கொண்டு இடமும் வலமும் ஓடும் மேல்பகுதி. மாடல் பெயர்கூடப் போடாமல் "என்ன கோளாறு?" என்று ஒற்றை வரியில் கேட்கிறவர்களுக்கு நான் என்ன சொல்ல முடியும்? இருந்தாலும் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: போர்ட்டபிள் ஒன்று வாங்கினேன். கேரேஜ் அசைய மாட்டேன் என்கிறது. கொஞ்சம் பலமாகத் தள்ளிப் பார்க்கலாமா?

தள்ளவே தள்ளாதீர்கள். போர்ட்டபிள்களில் பெட்டியில் வைத்துத் தூக்கிப் போவதற்காக ஒரு கேரேஜ் பூட்டு இருக்கும். கேரேஜின் ஓரத்திலோ கீபோர்டுக்குப் பக்கத்திலோ, மாடலைப் பொறுத்து. அதைப் போட்டுவிட்டு மறந்திருப்பார்கள். பூட்டு திறந்துதான் இருக்கிறது என்றால், வரி எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று கேரேஜைத் தடுக்கும் இரண்டு மார்ஜின் நிறுத்தங்களும் நடுவில் நெருங்கி நிற்கின்றனவா என்று பாருங்கள். அதுவும் சரியாக இருக்கிறது, கையால் தள்ளினால் இரண்டு பக்கமும் தாராளமாகப் போகிறது, கீயை அடித்தால் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது என்றால் பின்னால் உள்ள ஸ்பிரிங் டிரம்மிலிருந்து கேரேஜை இழுக்கும் பட்டை அறுந்திருக்கும், அல்லது கொக்கியிலிருந்து கழன்றிருக்கும். கேரேஜை இடது கோடிக்குக் கொண்டுபோய், டிரம்மை மூன்று நான்கு சுற்று முறுக்கி, விரலால் அழுத்திப் பிடித்தபடியே பட்டையை மாட்ட வேண்டும். விரல் நழுவினால் டிரம் சர்ரென்று சுழன்று மொத்தமும் அவிழ்ந்துவிடும். பட்டை கிடைக்கும்வரை பின்னிய மீன்பிடி நூல் நன்றாகவே வேலை செய்யும்.

எதையும் கழற்றுவதற்கு முன் போட்டோ எடுங்கள். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

கேள்வி: ரிப்பன் புத்தம் புதியது. ஆனால் எதை அடித்தாலும் தாளில் ஒன்றும் விழவில்லை.

நிறம் மாற்றும் நெம்புகோல் வெள்ளைப் புள்ளியில் இருக்கிறது. அது ஸ்டென்சில், அதாவது பிரதி எடுப்பதற்கான மெழுகுத்தாள், வெட்டுவதற்கானது, அந்த நிலையில் ரிப்பன் மேலே எழும்பாது. கறுப்புக்குத் தள்ளுங்கள்.

கேள்வி: என் பொறியில் ஒன்று என்ற எண்ணுக்கான கீயே இல்லை. முன்பு வைத்திருந்தவர் பிடுங்கிவிட்டாரா?

யாரும் பிடுங்கவில்லை. பழைய பொறிகள் பலவற்றில் ஆங்கிலச் சின்ன எழுத்து எல்-தான் ஒன்று. ஆச்சரியக்குறியையும் தேடிக்கொண்டிருப்பீர்கள்: ஒற்றை மேற்கோள், பேக்ஸ்பேஸ், முற்றுப்புள்ளி.

கேள்வி: தமிழ் டைப்ரைட்டரில் புள்ளி கீயை அடித்தால் கேரேஜ் நகர்வதில்லை. எந்த இடத்தில் எண்ணெய் விட வேண்டும்?

எங்கேயும் வேண்டாம். அது நகராத கீ, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். புள்ளியை முதலில் அடித்துவிட்டு எழுத்தை அடித்தால் இரண்டும் ஒரே இடத்தில் சேரும். நல்ல வேளை, எண்ணெய் விடுவதற்கு முன் கேட்டீர்கள்.

கேள்வி: எழுத்துக் கம்பிகள் மேலே போய் அப்படியே ஒட்டிக்கொள்கின்றன. துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்தேன், இரண்டு நாள் அருமையாக ஓடியது, இப்போது முன்பைவிட மோசம். இன்னும் கொஞ்சம் அடிக்கலாமா?

வேண்டாம், வேண்டாம். கம்பிகள் உட்கார்ந்திருக்கும் அந்த அரைவட்டச் செக்மென்ட்டில் ஒவ்வொரு கம்பிக்கும் மெல்லிய வெட்டு ஒன்று இருக்கும். அது காய்ந்தே இருக்க வேண்டும். ஸ்ப்ரேயில் வருவது உள்ளே இருந்த பழைய பிசினை இளக்கிவிட்டு, தானும் அங்கேயே தங்கித் தூசியைப் பிடித்துக் களிம்பாகிவிடும். உங்களுக்கு நடந்ததும் அதுதான். மினரல் டர்பன்டைனில் பழைய பல் துலக்கும் பிரஷைத் தோய்த்து வெட்டுகளைத் தேய்த்து, கீகளை மாறி மாறி அடித்து, வழிகிற அழுக்கைத் துணியால் ஒற்றுங்கள். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது. நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீர்கள், பெயின்ட்டும் பிளாஸ்டிக்கும் போய்விடும். எண்ணெய் கேரேஜ் ஓடும் தண்டவாளத்துக்கு மட்டும், அதுவும் தையல் மெஷின் எண்ணெய், ஊசி முனையில் எடுத்த ஒரு சொட்டு.

கேள்வி: வெளியூரிலிருந்து ஒரு பொறி வாங்குகிறேன். அதற்கே பெட்டி இருக்கிறது, அதனால் தனியாகப் பேக்கிங் தேவையில்லை என்கிறார் விற்பவர். சரிதானா?

சரியில்லை! இந்த ஒரு வாக்கியத்தால் நான் இழந்த பொறிகள் எத்தனை என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். பெட்டி கையில் தூக்கிக்கொண்டு நடப்பதற்கு. வண்டியிலிருந்து வண்டிக்கு எறிவதைத் தாங்க அல்ல. போர்ட்டபிள் என்று பெயர்தான், உள்ளே ஆறேழு கிலோ இரும்பு இருக்கிறது, அதைத் தாங்கிப் பிடிப்பது இரண்டு மூன்று சின்னக் கவ்விகள். இடுப்பு உயரத்திலிருந்து விழுந்தால் கவ்வி கழன்றுவிடும், பிறகு பொறியே பெட்டிக்குள் சுத்தியலாக மாறிவிடும்.

எனக்கு இப்படித்தான் ஒரு ஒலிம்பியா வந்தது. பெட்டியின் மேல் ஒரு சுற்று பழுப்புக் காகிதம், அதன் மேல் முகவரி, அவ்வளவுதான். வாங்கித் தூக்கியபோதே உள்ளே கலகலவென்று சத்தம். திறந்தால் வரி தள்ளும் நெம்புகோல் கரண்டிக் காம்பு மாதிரி வளைந்து கிடக்கிறது, இடது பக்கக் குமிழ் இரண்டு துண்டு, உடலைச் சட்டத்தோடு சேர்க்கும் ரப்பர் புஷ்கள் கிழிந்து பொறி ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. அனுப்பியவர் என்ன சொன்னார் தெரியுமா? "பெட்டியில் ஒரு கீறல்கூட இல்லையே." உண்மைதான், இல்லை.

அதனால் பணம் அனுப்புவதற்கு முன் விற்பவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். இரண்டு மார்ஜின்களையும் நடுவுக்குக் கொண்டுவந்து கேரேஜை அங்கே நிறுத்தி, பூட்டைப் போட்டு, பூட்டை மட்டும் நம்பாமல் துணி நாடாவாலும் கட்டச் சொல்லுங்கள். கேரேஜ் ஒரு ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்தால் அடி முதலில் அதன் மேல்தான் விழும். பிறகு முழுப் பொறியையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட வேண்டும். தெர்மாகோல் உருண்டைகள் உள்ளே புகுந்துவிட்டால் ஒரு வாரம் சாமணத்தோடு உட்கார வேண்டியிருக்கும், நான் உட்கார்ந்திருக்கிறேன். அப்புறம் பொறிக்கும் பெட்டிக்கும் நடுவில் உள்ள காலி இடத்தையெல்லாம் ஃபோம் வைத்து அடைக்க வேண்டும். கசக்கிய செய்தித்தாள் போதாது, இந்தக் கனத்தில் அது அரை நாளில் அப்பளமாகிவிடும். அதற்கு வெளியே கெட்டி அட்டைப் பெட்டி, எல்லாப் பக்கமும் ஐந்தாறு சென்டிமீட்டர் ஃபோம், அதற்கும் வெளியே இன்னொரு அட்டைப் பெட்டி. மூடுவதற்கு முன் தூக்கி ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், உள்ளே ஏதாவது அசைந்தால் முதலிலிருந்து. ஒவ்வொரு கட்டத்துக்கும் போட்டோ கேளுங்கள். சலித்துக்கொள்கிற ஆளிடம் வாங்காதீர்கள், வேறு பொறி கிடைக்கும்.

கேள்வி: தாள் சுற்றிக்கொள்ளும் ரப்பர் ரோலர் கல் மாதிரி இருக்கிறது, முற்றுப்புள்ளி தாளைத் துளைத்துவிடுகிறது. மிருதுவாக்க ஏதாவது தடவலாமா?

தடவுவதால் மேல்தோல்தான் பிசுபிசுக்கும், உள்ளே கல்லாகவே இருக்கும். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் தாளைப் பிடிக்கும், அவ்வளவே. நிஜமான தீர்வு புது ரப்பர் போடுவது. அதுவரை அடிக்கிற தாளுக்குப் பின்னால் இன்னொரு தாளைச் சேர்த்துச் செருகுங்கள், சத்தமும் குறையும்.

கேள்வி: பெரிய எழுத்துகள் வரியை விட்டுச் சற்று மேலே ஏறி விழுகின்றன.

ஷிப்ட்டை முழுதாக அழுத்துகிறீர்களா? கணினியில் பழகிய கை பாதியிலேயே விட்டுவிடும். முழுதாக அழுத்தியும் அப்படியே என்றால், ஷிப்ட் போய் நிற்கும் இடத்தில் பூட்டு நட்டோடு திருகுகள் இருக்கும். எச் எழுத்தைப் பெரியதும் சிறியதுமாக மாற்றி மாற்றி அடித்துப் பார்த்துக்கொண்டே, ஒரு நேரத்தில் கால் சுற்று மட்டும் திருப்புங்கள். போட்டோ எடுத்தாயிற்றா?

கேள்வி: ரிப்பன் ஒரு பக்கம் முடிந்ததும் திரும்பி ஓட மாட்டேன் என்கிறது.

ரிப்பனின் நுனிக்குச் சற்று முன்னால் சின்ன உலோகக் கண்ணி இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலான பொறிகளில் அதுதான் திருப்பும் நெம்பைத் தட்டும். இழுவிசையை வைத்தே திரும்பும் பொறிகளும் உண்டு, ஆனால் உங்கள் பொறி எது என்று நீங்கள்தான் எழுதவில்லையே.

கேள்வி: என்னிடம் உள்ள அண்டர்வுட் 5-இல் 1896 என்று பொறித்திருக்கிறது. 1896-இல் செய்த அபூர்வப் பொறிதானே?

அது காப்புரிமை ஆண்டு. அண்டர்வுட் 5 வந்ததே 1900-இல்தான், அதற்குப் பிறகு முப்பது வருடம் போல ஓடி, முப்பது லட்சத்துக்கு மேல் விற்றது. செய்த ஆண்டு வேண்டுமென்றால் வரிசை எண்ணைப் பாருங்கள், கேரேஜை ஓரத்துக்குத் தள்ளினால் சட்டத்தில் தெரியும். அபூர்வம் இல்லை என்பதற்காகத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அருமையாக அடிக்கும்.

கேள்வி: பழைய பொறியின் கண்ணாடி வைத்த வட்டக் கீகளில் கம்மல் செய்ய ஆசை. சேதமில்லாமல் வெட்டி எடுப்பது எப்படி?

சொல்ல மாட்டேன்.