மடிநோய்: மருந்துக்கு மசியாத கிருமி (கேள்வி பதில்; கேட்பவர்கள் பர்மாவில் உள்ள தங்கள் ஊர்ப் பெயரில்)

இன்செயின்: ஐயா, பசுவுக்கு ஒரே காம்பில் மூன்றாம் முறை மடிநோய். காம்புத் துவாரம் வழியாக மருந்து ட்யூப் ஏற்றினால் நாலு நாளில் பால் தெளிகிறது. அடுத்த மாதமே மறுபடி திரிகிறது. மருந்து போலியா?

பதில்: மருந்தைச் சந்தேகிக்கும் முன் கிருமியைப் பாருங்கள். இப்படிப் போய்ப் போய் வருவது பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. மடிக்குள் ஒட்டிக்கொண்டு, சர்க்கரைப் பொருளும் புரதமும் கலந்த பசையைத் தன்னைச் சுற்றிக் கட்டும். இதுதான் பயோஃபிலிம். தண்ணீர்த் தொட்டிச் சுவரில் வழுக்கும் படலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் இருக்கும் கிருமி பெருகாமல் கிடக்கும். பெனிசிலின் வகை மருந்தோ, பெருகும்போது தன் செல்சுவரைக் கட்டும் கிருமியைத்தான் கொல்லும். மிதப்பது சாகிறது, பால் தெளிகிறது. கிடந்தது பிறகு எழுகிறது.

பெனிசிலினை வெட்டும் நொதியைச் சில கிருமிகள் சுரப்பது வேறு சங்கதி. அது ஆய்வகப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பயோஃபிலிம் தெரியாது, ஏனென்றால் அங்கே தட்டில் வளர்த்த கிருமியைத்தான் சோதிக்கிறார்கள். ‘மருந்து கேட்கும்’ என்று சீட்டு வந்தும் மடியில் கேட்காமல் போவது இதனால்தான்.

இளம் பசு, ஒரே காம்பு, புது நோய் என்றால் மருத்துவர் சொற்படி 5 முதல் 8 நாள் தொடர்ந்து ஏற்றினால் குணமாக வாய்ப்புண்டு. பல ஈற்றுப் பசு, பழைய நோய் என்றால் பால் வற்றவிடும்போது அதற்கான ட்யூப். அதற்கும் மசியாவிட்டால் அந்தக் காம்பை வற்றவிடுங்கள், அல்லது பசுவைக் கழியுங்கள். அதுவரை அந்தப் பசுவைக் கடைசியில் கறக்கவும்.

பெகு: எந்த ட்யூப் நல்லது?

பதில்: பால் மாதிரி எடுக்காமல் ட்யூப் பெயர் சொல்ல மாட்டேன். மருந்து போடுவதற்கு முன் எடுங்கள்: முதல் மூன்று பீச்சலைக் கொட்டிவிட்டு, காம்பு நுனியை 70 சத ஆல்கஹால் பஞ்சால் துடைத்து, சுத்தமான குப்பியைச் சாய்த்துப் பிடித்துப் பீச்சி, பனிக்கட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

மோல்மேன்: ஜென்டாமைசின் ஊசி போடலாமா ஐயா?

பதில்: மாதிரி எடுத்தீர்களா?

தட்டோன்: பால் பார்க்க நன்றாக இருக்கிறது, அளவுதான் குறைகிறது.

பதில்: வெளியே தெரியாத மறைமுக மடிநோயாக இருக்கலாம். அரை லிட்டர் தண்ணீரில் 15 கிராம் துணி துவைக்கும் சோப்புத்தூள் கரையுங்கள். ஒவ்வொரு காம்புப் பாலையும் தனித்தனிக் கிண்ணத்தில் பிடித்து, சம அளவு கரைசல் ஊற்றிச் சுழற்றுங்கள். கூழாகக் கெட்டிப்பட்டால் அந்தக் காம்பில் நோய்.

தன்லின்: 250 கிராம் கற்றாழை, 50 கிராம் மஞ்சள், 15 கிராம் சுண்ணாம்பு அரைத்துப் பூசினால் போதும். எதற்கு ஆன்டிபயாட்டிக்?

பெகு: எங்கள் மாட்டுக்கு அது கேட்கவில்லையே!

தன்லின்: வெளியே மட்டும் பூசியிருப்பீர்கள். காம்புக்குள்ளும் விட்டுப் பாருங்கள்.

பதில்: உள்ளே விடவே கூடாது! சுண்ணாம்பு காம்புத் துவாரத்தைப் புண்ணாக்கும். அழுக்கோடு புதுக் கிருமியும் ஏறும். தமிழ்நாட்டுக் கால்நடைப் பல்கலைக்கழகம் பரப்பிய அளவுதான் இது, மடியின் வெளித்தோலில் பூசுவதற்கு. லேசான வீக்கத்துக்குப் பூசுங்கள், நான் தடுக்கவில்லை. மடி சூடாகிக் கல்லாகி, பால் தண்ணீராக வந்து, பசு தீனி எடுக்காமல் நின்றால் அது உயிருக்கே ஆபத்து. அப்போது அரைத்துக்கொண்டிராமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இன்செயின்: மருந்து நாட்களில் பாலைக் காய்ச்சி டீக்கடைக்குக் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. காய்ச்சினாலும் மருந்து முழுதாகப் போகாது. அந்தப் பாலில் உறைகூடச் சரியாகப் பிடிக்காது. ட்யூப் அட்டையில் போட்டிருக்கும் நாள் கழியும்வரை கொட்டுங்கள். கன்றுக்கும் ஊட்டாதீர்கள், அதன் குடலில் மருந்துக்கு அடங்காத கிருமி வளரும்.

மோல்மேன்: செஃப்ட்ரையாக்சோன் என்றால் ஐயா?

பதில்: முதலில் மாதிரி எடுங்கள். எல்லோருக்கும் கடைசியாக ஒன்று: கறந்தவுடன் காம்பை அயோடின் கரைசலில் முக்கி, அரை மணி நேரம் பசுவைப் படுக்கவிடாமல் தீனி போட்டு நிறுத்துங்கள். காம்புத் துவாரம் மூட அவ்வளவு நேரம் வேண்டும்.