பந்து முகத்துக்கு வருவது கண்ணுக்கு எப்படித் தெரிகிறது?

மட்டக்களப்பில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கும் ஆசிரியை பதில் சொல்கிறார்.

கல்லடி மாணவன்: மிஸ், பந்து பக்கவாட்டில் போனால் விழித்திரையில் விம்பம் நகரும். நேரே மூக்குக்கு வந்தால்?

அப்போதும் நகரும், மகன். இரண்டு கண்மணிகளுக்கும் இடையே ஏறத்தாழ 6.3 சென்ரிமீற்றர் இடைவெளி. அதனால் வருகிற பந்து இடக் கண்ணுக்கு வலப்பக்கமாகவும் வலக் கண்ணுக்கு இடப்பக்கமாகவும் நகர்கிறது. மூளை இதை இரண்டு வழியில் பிடிக்கிறது. ஒன்று, இரு விம்பங்களின் இட வித்தியாசத்தை முதலில் எடுத்து, அது நேரத்தோடு மாறுவதைப் பார்ப்பது. மற்றது, ஒவ்வொரு கண்ணிலும் வேகத்தை அளந்துவிட்டுப் பிறகு ஒப்பிடுவது.

இரண்டும் ஒன்றுதானே என்று கேட்பாய். நானும் படிக்கும்போது கேட்டேன். பிரித்துக் காட்டிய விதம்தான் அழகு. ஆய்வாளர்கள் ஒவ்வொரு கணமும் புதிதாக மாறும் புள்ளிகளைக் காட்டினார்கள். ஒரு கண்ணை மூடினால் வெறும் மினுக்கம், எந்த ஓட்டமும் இல்லை. இரு கண்ணாலும் பார்த்தால் ஏதோ கிட்ட வருகிறது! அது முதல் வழி. மறுகா, இரு கண்ணுக்கும் ஒன்றோடொன்று பொருந்தாத புள்ளிகளைக் கொடுத்து எதிரெதிராக ஓடவிட்டார்கள். அப்போதும் வருவதும் போவதும் தெரிந்தது. அது இரண்டாவது.

கல்முனைத் தகப்பன்: மகனுக்கு 9 வயது, வாக்குக் கண். கிரிக்கெட் விளையாடலாமா?

தாராளமாக விளையாடட்டும், அண்ணன். ஆனால் இந்தக் கிழமையே கண் டொக்டரிடம் காட்டுங்கள். அதிர்ஷ்டக் கண் என்று யார் சொன்னாலும் விட்டுவிடாதீர்கள். சிகிச்சையைச் சின்ன வயதில் தொடங்கினால் பலன் அதிகம், 9 வயதிலும் பலன் உண்டு. அசையாத படத்தில் ஆழம் தெரியாத சில வாக்குக் கண்காரருக்கும் கிட்ட வரும் அசைவு தெரிகிறது. ஒற்றைக் கண்ணுக்கும் விம்பம் பெரிதாகும் வேகம் உதவுகிறது. இந்திய அணியின் மன்சூர் அலி கான் பட்டோடி 1961 யூலையில் கார் விபத்தில் வலக் கண் பார்வையை இழந்தார். அதே டிசெம்பரில் டெஸ்ட் ஆடினார்.

அம்பாறை வீதியில் இரவில் ஓட்டோ ஓடுபவர்: எதிரே வரும் லைற் எவ்வளவு கிட்ட என்று பிடிபடுவதில்லை.

யாருக்கும் பிடிபடாது, தம்பி. தூரம் இரண்டு மடங்கானால் இரு கண் வித்தியாசம் மாறும் வேகம் நாலில் ஒன்றாகிவிடும். வெகு தூரத்தில் அதை நம்ப முடியாது. சந்தேகம் என்றால் முந்தாதீர்கள்.

காத்தான்குடி வாசகர்: உம்மாவுக்கு ஒரு கண்ணில் மட்டும் கண்புரை எடுத்தாச்சு. நேரே போகிற வாகனம் வளைந்து வருகிற மாதிரி இருக்காம்.

உம்மா சொல்வது உண்மையாக இருக்கலாம், நானா. வெளிச்சம் குறைவாகப் போகும் கண்ணின் செய்தி மூளைக்குச் சற்றுப் பிந்திப் போகும். ஓடும் பொருளுக்கு அந்தப் பிந்தலே ஆழமாகத் தெரியும். 1922இல் இதை விளக்கிய கார்ல் புல்பிரிச் ஒரு கண் பார்வை இழந்தவர். தான் விளக்கியதை அவரால் பார்க்க முடியவில்லை. டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், பார்வை நரம்பு அழற்சியிலும் இப்படி வரும்.

நீங்களும் செய்து பார்க்கலாம். நூலில் கல்லைக் கட்டி, உங்கள் முன்னால் இடம் வலமாக ஆட்டச் சொல்லுங்கள். கறுப்புக் கண்ணாடியின் ஒரு வில்லையை வலக் கண்ணுக்கு மட்டும் பிடித்து, இரு கண்ணையும் திறந்து பாருங்கள். கல் வலப்பக்கம் போகும்போது கிட்டவும், இடப்பக்கம் திரும்பும்போது தூரவுமாக வட்டமடிக்கும்.